பட்டியல் போல் தெரிவதெல்லாம் கணக்காகாது

மொத்த வியாபாரி ஒருவர் பொருள் விபரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம்.

சீனி, 50, 12000
மைசூர் பருப்பு, 25, 7500
பச்சரிசி, 40, 9000/=

இதனை அப்படியே எக்ஸல் தாளில் ஒட்டி, கூட்டுத்தொகையைக் கேட்டால் கிடைப்பது பூச்சியம்தான். நமது கண்ணுக்கு இது பட்டியல். கணினிக்கோ ஒவ்வொரு வரியும் வெறும் எழுத்துக்கள். எது பொருள், எது அளவு, எது பெறுமதி என்பதை நாம்தான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று வேலைகள் உள்ளன.

முதலாவது, பிரித்தல். மூலப் பட்டியலை வேறொரு தாளில் பிரதி எடுத்து வையுங்கள். வலப்பக்க நிரல்கள் வெறுமையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அங்குள்ளவை அழிந்துவிடும். பின்னர் வரிகளைத் தெரிவுசெய்து, 'டேட்டா' பகுதியிலுள்ள 'டெக்ஸ்ட் டு கொலம்ஸ்' என்பதை அழுத்துங்கள். 'டிலிமிட்டட்' என்பதையும் அடுத்து 'கொமா' என்பதையும் தெரிவுசெய்தால், ஒவ்வொரு விபரமும் தனித்தனி நிரலில் வந்து அமரும்.

இங்கு ஓர் ஆபத்து உண்டு. விலையை 12,000 என எழுதியிருந்தால், அந்தக் கொமாவிலும் வெட்டு விழும். 12 ஒரு நிரலிலும் 000 அடுத்த நிரலிலும் போய்விடும். கொமாவால் பிரிக்கப்படும் சீஎஸ்வி கோப்புகளுக்கு 2005ஆம் ஆண்டு வெளியான ஆர்எப்சி 4180 என்ற ஆவணம் இதற்கு வழி சொல்கிறது: உள்ளே கொமா இருந்தால், அந்த விபரத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். அதைவிட இலகுவானது, தொகைக்குள் கொமா போடாமல் எழுதுவது.

இரண்டாவது, வகைப்படுத்தல். நாம் பழக்கத்தில் எழுதும் 9000/= என்பது எக்ஸலுக்கு எண் அல்ல, எழுத்து. கூட்டும்போது எந்த எச்சரிக்கையும் தராமல் அதனை விட்டுவிடும். மேலுள்ள பட்டியலின் சரியான தொகை 28,500 ரூபா. எக்ஸல் காட்டுவதோ 19,500. ஒன்பதாயிரம் ரூபா சத்தமில்லாமல் காணாமல் போகிறது! கொன்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தி, /= என்பதைத் தேடி, பதிலீட்டை வெறுமையாக விட்டு மாற்றுங்கள். 'கிலோ' என்பதையும் ஒவ்வொரு வரியிலும் எழுதாமல், நிரலின் தலைப்பில் ஒரு தடவை எழுதினால் போதும்.

தொலைபேசி இலக்கம் இதற்கு நேர்மாறானது. எண்ணாக எடுத்தால் முன்னாலுள்ள பூச்சியம் மறைந்துவிடும். எனவே பிரிக்கும்போது மூன்றாவது படியில் அந்த நிரலை 'டெக்ஸ்ட்' எனக் குறிப்பிடுங்கள். 03/04 என்ற திகதியை ஏப்ரல் 3 என்றும் மார்ச் 4 என்றும் வாசிக்கலாம். காசோலைத் திகதி மாறினால் என்னவாகும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே படியில் 'டேட்' என்பதையும் நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கையும் தெரிவுசெய்யுங்கள்.

மூன்றாவது, சரிபார்த்தல். 'கவுண்ட்' என்ற சூத்திரம் எண்களை மாத்திரம் எண்ணும். 'கவுண்ட்ஏ' வெறுமையற்ற எல்லாக் கட்டங்களையும் எண்ணும். தலைப்பை விட்டுவிட்டு, விலை நிரலில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். விடைகள் வேறுபட்டால், எங்கோ எழுத்து ஒளிந்திருக்கிறது.

கணினி தந்த தொகை என்பதற்காக நம்பிவிடாமல், முதல் தடவையாவது கல்குலேட்டரில் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் வீண் போகாது.