பித்தவெடிப்புக்கு எதைக் கொடுப்பது?

மார்கழி, தை மாதங்களில் ஜவ்வாது மலையடிவாரத்துக் கணியம்பாடி வட்டாரக் கடைகளுக்கு வருபவர்களில் பலர், "குதிகால் வெடித்துவிட்டது, ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பது வழக்கம். நாமும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். எந்தச் சரக்கு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து கொடுத்தால் வாடிக்கையாளருக்கு நன்மை. நம் கடைக்கும் நற்பெயர்.

தோலின் மேற்படலம் ஒரு செங்கல் சுவரைப் போன்றது. இறந்த செல்கள் செங்கற்கள். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் ஆகிய மூன்றும் அவற்றைப் பிணைக்கும் சாந்து. சலவை சோப்பும் சோடாவும் இந்தச் சாந்தை அரித்துவிடுகின்றன. சிமெண்ட்டும் தோலைப் புண்ணாக்கும். சாந்து குறைந்தால் உடலின் ஈரம் வெளியேறும், தோல் இறுகி வெடிக்கும், வெடிப்பின் வழியே கிருமி நுழையும்.

இதற்கு நாம் விற்கும் சரக்குகள் நான்கு வகை. 1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாசலின், மேலே மூடி போட்டு ஈரம் போகாமல் தடுக்கிறது. கிளிசரினும் யூரியா கலந்த க்ரீமும் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கின்றன. தேங்காய் எண்ணெய் சொரசொரப்பை நிரப்பி மென்மையாக்குகிறது. செராமைடு க்ரீம், குறைந்துபோன சாந்தையே ஓரளவு ஈடு செய்கிறது, விலைதான் கூடுதல். வாசலினும் எண்ணெயும் தாமாக ஈரத்தை உண்டாக்குவதில்லை. ஆகவே குளித்துத் துடைத்த உடனே, தோல் ஈரமாக இருக்கும்போதே தடவச் சொல்ல வேண்டும்.

இந்தப் பாடம் நம் வேலூருக்குப் புதிதல்ல. 1946-ல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்குப் பெரும் காரணம், உணர்வற்ற இடத்தில் ஏற்படும் காயங்களே என்று எடுத்துக்காட்டினார். நரம்பு கெட்டால் வியர்வையும் நின்று தோல் காய்ந்து வெடிக்கும். அதனால் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவும் பழக்கம் தொழுநோயாளிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. செலவு சில ரூபாய். காப்பாற்றுவது ஒரு காலை.

சர்க்கரை நோயாளிக்கும் பாதம் மரத்துப் போகலாம். அவர் வெடிப்புக்கு மருந்து கேட்டால், "முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்வோம். க்ரீம் தடவினாலும் கால்விரல் இடுக்கில் தடவக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. மளிகைக் கடைகளுக்கு இவை ஆகாத சரக்கு. தொடர்ந்து தடவினால் இவையே தோலை மெலியவைக்கும். "உடனே சிவப்பாக்கும்" என்று பில் இல்லாமல் வரும் முகக் க்ரீம்களையும் வாங்கி வைக்க வேண்டாம்.

டப்பாவில் அச்சிட்ட சேர்மானத்தை ஒரு முறை படித்துவிட்டு அடுக்குவோம். அன்றைய லாபத்தைவிட, மறுபடியும் நம் கடைப்படி ஏறும் வாடிக்கையாளரே நமக்கு நிலையான முதல்.