பெரியாற்று அணைக்குச் செல்லும் படகு

தீவில் வாழ்வோர்க்குப் படகே பெருவழியாகும். அரிசியும் உப்பும், மருந்தும் மடலும் அதன் வழியாகவே வந்து சேரும். படகு நின்றால் தீவின் வாழ்வும் நின்றுவிடும். கிரேக்க நாட்டின் சிறு தீவினர் பிரேயுசுத் துறைமுகத்தை நோக்கியும், ஈழத்து நெடுந்தீவினர் குறிகட்டுவான் துறையை நோக்கியும் கலமேறுகின்றனர். 1914-ஆம் ஆண்டில் பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்படும்வரையில், இராமேசுவரம் சென்ற யாத்திரிகரும் அங்ஙனமே கடலைக் கடந்தனர். கடற்கரையே இல்லாத கம்பம் பள்ளத்தாக்கினராகிய நமக்கும் இத்தகைய படகு ஒன்று உண்டு என்று கூறின், அது நண்பர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அஃது உண்மையே. தேக்கடித் துறையிலிருந்து பெரியாற்று அணைக்குச் செல்லும் படகே அது.

முதற்கண் அணையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பெரியாறு மேற்கு மலைத்தொடரில் தோன்றி மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலப்பது. அதன் நீரைத் தடுத்துக் கிழக்கே திருப்பி, மழை பொய்க்கும் மதுரை நாட்டுக்கு வழங்குதல் வேண்டும் என்பது பல்லாண்டுகாலக் கருத்தாக இருந்துவந்தது. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே குத்தகை உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வாடகைக்கு, 999 ஆண்டுகளுக்கு அளிக்கப்பெற்றது. பென்னிகுயிக் என்னும் பொறியியலறிஞர் 1887-ஆம் ஆண்டில் வேலையைத் தொடங்கினார். கட்டும்போதே தற்காலிகக் கரைகளை வெள்ளம் பலமுறை வாரிச் சென்றது. காட்டுக் காய்ச்சல் தொழிலாளர் பலரை மாய்த்தது. இவற்றையெல்லாம் கடந்து, 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

இனி, இவ்வணைக்குப் படகு எற்றுக்கு எனின், கூறுதும். அணை ஏரியின் ஒரு கோடியில் உளது. நமக்கு நீர் தரும் சுரங்கத்தின் வாயிலோ மற்றொரு கோடியில், தேக்கடிப் பக்கம் அமைந்துளது. இரண்டிற்கும் இடையே கிடப்பது ஏரியே. அணையில் தடையுண்ட நீர் பள்ளங்களையெல்லாம் நிரப்பிக்கொண்டு பின்னோக்கிப் பரந்து, தேக்கடியை அடைந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி, லோயர் கேம்பு மின்னிலையத்தில் மின்னாற்றலும் ஈந்து, வைரவனாற்றிற் சேர்ந்து நம் வயல்களுக்கு வருகின்றது. அணையிலிருந்து நீர் எவ்வழியே நம்பால் வருகின்றதோ, அவ்வழியே எதிர்த்துச் சென்றுதான் அணையைக் காப்போர் அணையை அடைதல் வேண்டும்.

பள்ளங்கள் நீரில் மூழ்கவே, உயர்ந்த மேடுகள் தீவுகளாயின. காட்டு மரங்கள் நின்றவாறே பட்டுப்போயின. அம்மரங்களின் கரிய அடிகள் இன்றும் நீருக்குமேல் தலைநீட்டி நிற்கின்றன. ஏரியின் மட்டம் தாழுந்தோறும், ஆழத்தில் மறைந்திருந்த அடிமரங்கள் மேலெழுந்து வரும். ஆதலின் வழியறிந்த படகோட்டியே இங்குப் படகு செலுத்தவல்லான். கோடையிலும் படகு ஓடுதற்கு ஒரு காரணம் உண்டு. 104 அடி மட்டத்துக்குக் கீழே உள்ள நீர் சுரங்கத்தின் வழியே வெளியேறாது. அஃது ஏரியிலேயே தங்கிவிடும்.

இப்படகில் ஏறுவோர் யாவர்? நீர்வளத்துறைப் பொறியாளரும் தொழிலாளருமே பெரும்பாலார். நீர்மட்டத்தையும் மழையளவையும் குறித்தல், அணையினின்று கசியும் நீரை அளத்தல், மதகுகளை ஆராய்தல் ஆகிய பணிகள் அவர்களுக்கு உள. 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அமைந்த மேற்பார்வைக் குழுவினரும் படகேறியே அணையைக் காணச் சென்றனர். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுகள் வேறு. அவை ஏரியின் ஒரு பகுதியில் உலவி, நீர் பருக வரும் யானைகளையும் காட்டெருமைகளையும் காட்டித் திரும்புவன. அணைவரையில் செல்வன அல்ல.

அமைதியாகத் தோன்றும் இந்நீர் எத்துணை அச்சம் உடையது என்பதை 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் நாடு கண்டது. அன்று ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து, 45 பேர் உயிர் துறந்தனர். இத்தகைய படகு கவிழும் முறையை மாணாக்கர் அறிதல் நன்று. படகின் பளுவனைத்தும் திரண்டு நிற்பதாகக் கருதத்தக்க ஓரிடம் உண்டு. அவ்விடம் தாழ்ந்திருக்குமளவும் படகு சாய்ந்தாலும் மீண்டும் நிமிரும். மக்கள் மேலடுக்கில் மிகுதியாக ஏறினால் அவ்விடம் உயரும். அந்நிலையில் அனைவரும் எழுந்து ஒரு பக்கமாகத் திரண்டால், படகைச் சாய்க்கும் ஆற்றல் அதனை நிமிர்த்தும் ஆற்றலை விஞ்சிவிடும். அதன்பின் கணப்பொழுதே போதும். உயிர்காப்புச் சட்டை அணிந்து, தத்தம் இடத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும் என்னும் விதி வெறும் சடங்கன்று. கிரேக்கத் தீவுகளில் காற்று குறித்த அளவைக் கடந்தால், துறைமுக அதிகாரிகள் கலங்கள் புறப்படுதலையே தடுத்துவிடுவர். பயணிகள் துறையில் காத்திருந்து வருந்தினும் விதி தளர்வதில்லை.

நிற்க. அணைக்குத் தரைவழி இல்லையோ எனின், வண்டிப்பெரியாற்றிலிருந்து வள்ளக்கடவு வழியே காட்டுப் பாதை ஒன்று உண்டு. ஆயின் அது புலிகள் காப்பகத்தின் ஊடே செல்வது. பழுதுபார்க்கும் பொருள்களை அவ்வழியே கொண்டுசெல்லக் கேரள வனத்துறையின் இசைவு வேண்டும். அவ்விசைவு பலமுறை வழக்குக்கும் காலத்தாழ்வுக்கும் இடமாயிற்று. அணையை இயக்கும் உரிமை தமிழ்நாட்டினது. அணை நிற்கும் மண்ணோ கேரள நாட்டினது. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு படகு சென்று வருகின்றது.

கம்பத்திலும் கூடலூரிலும் அணையைப் பற்றிப் பேசுவோர் 136 அடி, 142 அடி, 152 அடி என்று அடிக்கணக்கையே பேசுகின்றனர். அப்பேச்சு வேண்டுவதே. நம் நெல்வயல்களின் இரு போகமும், தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் அந்நீரைச் சார்ந்தவை. ஆயினும் அணையின் வன்மை கல்லிலும் சுண்ணத்திலும் மட்டும் அடங்கியதன்று. மழைக்காலத்து நள்ளிரவில் நீர் விரைந்து உயரும்போது, அதனை அளந்து மதகை இயக்க வல்லார் உரிய நேரத்தில் அங்குச் சேர்தலே அதன் உயிர்நிலை. மலைக்கு மேற்கே தாழ்நிலத்தில் வாழும் மக்கள் அஞ்சாது உறங்குவதும், கிழக்கே நாம் பசியாது உண்பதும் அவர்தம் விழிப்பைப் பொறுத்தனவே. ஆதலின் இரு நாட்டாரும் வழக்கை வழக்குமன்றத்தில் நடத்துக; படகையும் பாதையையும் வழக்கினின்று விலக்கி, என்றும் செம்மையாக வைத்துக் காக்க. நல்ல படகும், தேர்ந்த படகோட்டியும், தடையில்லா வழியும் அணையின் உறுப்புகளே என்பதை நாம் மறவாதிருப்போமாக.