தொழிலாளர் கல்வி: மலையகத் தொழிற்சங்கங்களின் முதற்கடமை

மலையகத்தில் சம்பள உயர்வு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தொகையே எல்லோருடைய வாயிலும் அடிபடுகின்றது. முன்னர் அது ஆயிரம் ரூபாவாக இருந்தது. பின்னர் 1,700 ரூபா என்றானது. அத்தொகையைச் சுற்றியே ஊர்வலங்களும் அறிக்கைகளும் தேர்தல் மேடைகளும் அமைகின்றன. ஆனால் அத்தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, நிபந்தனைக்குட்பட்ட கொடுப்பனவு எவ்வளவு, அந்நிபந்தனைகள் யாவை என்ற கேள்விகளுக்குக் கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்கு யாரும் விளக்கம் அளிப்பதில்லை. சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும் சங்கங்கள், அச்சம்பளத்தை விளங்கிக்கொள்ளும் அறிவைத் தம் உறுப்பினருக்கு வழங்கியுள்ளனவா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினாவாகும்.

2016 ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்திடப்பட்ட கூட்டு ஒப்பந்தத்தை உதாரணமாகக் கொள்வோம். நாட்சம்பளம் 730 ரூபா என அன்று அறிவிக்கப்பட்டது. உண்மையில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. எஞ்சிய 230 ரூபாவில் 60 ரூபா வரவுக் கொடுப்பனவு. 30 ரூபா விலைப் பங்கு. 140 ரூபா உற்பத்தி ஊக்குவிப்பு. குறித்த அளவு நாட்கள் வேலைக்குச் செல்லாதவருக்கு முதலாவது இல்லை. குறித்த நிறைக் கொழுந்தைப் பறிக்காதவருக்கு மூன்றாவது இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமுமாகச் செலுத்தும் பங்களிப்பும் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்பட்டது. எனவே நாளொன்றுக்கு 100 ரூபாவே நிதியிற் சேர்ந்தது. 730 ரூபாவும் அடிப்படைச் சம்பளமாக இருந்திருப்பின் அது 146 ரூபாவாக இருந்திருக்கும். இந்த 46 ரூபா வித்தியாசம் முதுமைக் காலத்தில் எவ்வளவு பெரிய தொகையாக வந்து நிற்கும் என்பதைக் கணக்கிடத் தெரிந்த தொழிலாளி, 730 என்ற எண்ணைக் கேட்டு மட்டும் கைதட்டியிருக்க மாட்டார்.

தொழிலாளர் கல்வி என நாம் குறிப்பிடுவது இதனையே. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கு எழுத்தறிவிப்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. தம் சம்பளச் சீட்டை வாசித்தல், தம்மைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் விளங்கிக்கொள்ளுதல், கூட்டத்தை நடத்துதல், கணக்கைப் பரிசோதித்தல், தலைவரிடம் கேள்வி கேட்டல், தேவையேற்படின் தாமே தலைமை ஏற்றல் ஆகியன அனைத்தும் அதனுள் அடங்கும். இங்கிலாந்தில் 1903 இல் தோன்றிய தொழிலாளர் கல்விச் சங்கம் தொடக்கம் இந்திய அரசு 1958 இல் அமைத்த மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் வரை, இத்தேவையை உணர்ந்து எழுந்த அமைப்புகள் பலவாகும். சம்பளத்துடன் கூடிய கல்வி விடுமுறை பற்றிய சாசனத்தைச் சர்வதேச தொழில் தாபனம் 1974 இல் ஏற்றுக்கொண்டபோது, தொழிற்சங்கக் கல்வியையும் அதில் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது.

மலையகத்துக்கு இது புதிய சரக்கன்று. இங்கு தொழிற்சங்கம் பிறந்ததே எழுத்தின் துணையுடன்தான். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய முடியாதிருந்த காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் உட்சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். பத்திரிகைகளும் நூல்களும் வெளியிட்டார். 1931 இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மை, வாசிக்கத் தெரியாத மக்களிடையே பாடல்கள் மூலம் அரசியலைக் கொண்டு சென்றார். தொழிலாளி தன் நிலைமையை முதலில் அறிய வேண்டும், சங்கம் அதன் பின்னரே உறுதி பெறும் என்பதே அவர்களது அணுகுமுறையாக இருந்தது.

பின்வந்த வரலாறு, கடதாசியை வாசிக்க இயலாத சமூகம் செலுத்த நேரிடும் விலையைக் காட்டுகின்றது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1949 இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டும், மிகச் சிறிய பங்கினரே ஏற்கப்பட்டனர். வதிவிடச் சான்று, பிறப்புப் பதிவு, வருமானச் சான்று எனக் கேட்கப்பட்ட ஆவணங்களை லயத்து அறைகளில் வாழ்ந்தோரால் திரட்ட இயலவில்லை. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்களாகப் பிரித்தது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இம்மக்களின் தலைவிதி அவர்கள் வாசித்திராத பத்திரங்களாலேயே எழுதப்பட்டது.

இதே துன்பத்தைக் கல்வியால் எதிர்கொண்ட மக்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்வதற்கு வாசிப்புச் சோதனை தடையாக வைக்கப்பட்டிருந்தது. டெனசி மாநிலத்தில் 1932 இல் தொடங்கப்பட்ட ஹைலண்டர் என்னும் தொழிலாளர் பயிற்சிப் பள்ளி, 1957 இல் தென் கரோலினாவின் ஜோன்ஸ் தீவில் 'குடியுரிமைப் பாடசாலை' ஒன்றைத் தொடங்க உதவியது. அங்கு முதலாவதாகக் கற்பித்தவர் தொழில்முறை ஆசிரியர் அல்லர். சிகை அலங்காரத் தொழில் செய்த ஒரு பெண்மணி. சிறுவர் பாடநூலைக் கொண்டு அவர் கற்பிக்கவில்லை. வாக்காளர் பதிவுப் படிவமே பாடமாயிற்று. அவ்வகுப்புகள் தென் மாநிலங்கள் எங்கும் பரவின. 1955 டிசம்பரில் பேருந்தில் எழுந்து இடங்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ், அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஹைலண்டரில் பயிற்சி பெற்றவர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

தமிழகத்தின் புதுக்கோட்டையில் 1991 இல் எழுச்சி பெற்ற அறிவொளி இயக்கம் இன்னுமோர் உதாரணம். அங்கு எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். கல்குவாரிகளில் கல்லுடைத்த பெண்கள் குழுக்களாக இணைந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்தனர். கற்றது அன்றாட வாழ்வில் பயன்பட்டபோது கல்வி நிலைத்தது என்பதே இவ்விரண்டும் புகட்டும் பாடமாகும்.

எமது நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972 இல் கண்டியில் நிறுவிய சத்தியோதயமும், 1974 இல் தோன்றிய பெருந்தோட்டப் பிரதேசங்களுக்கான இணைப்புச் செயலகமும் தோட்ட மக்களிடையே விழிப்புணர்வுப் பணியாற்றின. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1975 இல் தொழிலாளர் கல்விக்கென ஒரு நிறுவகம் அமைந்தது. கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகம் 1990 களிலிருந்து தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றி வருவதுடன், 2007 இல் கம்பளைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகத்தையும் நிறுவியது. ஆயினும் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களே சுமந்துவரும் இப்பணி, நிதியுதவி நின்றதும் நின்றுபோகும் அபாயத்தைக் கொண்டது. மாதாமாதம் சந்தா பெறும் சங்கங்களே அதனை நிரந்தரமாகப் பொறுப்பேற்க வேண்டும்.

சங்கங்களின் இன்றைய அமைப்பு இதற்குத் தடையாகவே உள்ளது. தோட்டத்தில் ஒரு பிரச்சினை எழுந்தால் தோட்டத் தலைவர் மாவட்டப் பிரதிநிதியிடம் செல்கின்றார். அவர் தலைமைக் காரியாலயத்துக்கு அறிவிக்கின்றார். அங்கிருந்து ஒருவர் துரையுடன் பேசி முடிவைக் கொண்டுவருகின்றார். என்ன பேசப்பட்டது, எந்தச் சட்டத்தின் கீழ் பேசப்பட்டது என்பது தொழிலாளிக்குத் தெரிவதில்லை. பறித்த கொழுந்து நிறை போதாதென்று 'அரைப்பேர்' போடப்படும்போது, அதற்கு எந்த ஒப்பந்தத்தில் இடமுண்டு எனப் பிரட்டுக்களத்திலேயே கேட்கத் தெரிந்த நான்கு பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பார்களாயின், பல பிரச்சினைகள் தலைநகர் வரை பயணிக்க வேண்டியதில்லை.

இத்தேவை முன்னெப்போதையும் விட இன்று அவசரமானது. கூட்டு ஒப்பந்த முறை தளர்ந்து, 2021 முதல் சம்பள நிர்ணய சபையும் வர்த்தமானி அறிவித்தலுமே அடிப்படையாகின. 2024 மே மாதத்தில் 1,700 ரூபா என வெளியான வர்த்தமானியைக் கம்பனிகள் நீதிமன்றத்தில் எதிர்த்தன. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்றானது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1,550 ரூபாவையும், அதற்கு மேலாக அரசு வழங்கும் 200 ரூபா வருகை ஊக்குவிப்பையும் முன்மொழிந்தது. அடிப்படைச் சம்பளத்துக்கும் வருகைக் கொடுப்பனவுக்கும் உள்ள வேறுபாட்டை 2016 இல் அறியாதவர் இப்போதாவது அறிய வேண்டாமா?

இதனிலும் பாரதூரமான மாற்றம் வேறொன்றுண்டு. தேயிலைக் காணியின் ஒரு துண்டைத் தொழிலாளியிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தை நிறைக்கேற்ப விலைக்கு வாங்கும் வெளிவாரி உற்பத்தி முறையைக் கம்பனிகள் முன்வைத்து வருகின்றன. இதில் நன்மையும் இருக்கலாம். ஆனால் அவ்வுடன்படிக்கையில் கையொப்பமிடுபவர் அதன்பின் 'தொழிலாளி' ஆவாரா, 'வழங்குநர்' ஆவாரா என்பதே உயிர்நாடியான கேள்வி. தொழிலாளி என்ற நிலை இல்லாதுபோனால் 1958 இன் சேமலாப நிதிச் சட்டம், 1983 இன் பணிக்கொடைச் சட்டம், பிரசவ சகாய நன்மைகள் ஆகிய பாதுகாப்புகளின் கதி என்ன? பசளை, மருந்துச் செலவு யாருடையது? காணியின் மீது உரிமை ஏதும் உண்டா? இவற்றை வாசித்தறியாமல் இடப்படும் கையொப்பம் அடுத்த தலைமுறையையும் கட்டிப்போடும்.

ஆகவே சங்கங்களிடம் நாம் வேண்டுவன சில. சந்தா வருமானத்தின் ஒரு குறித்த பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, அதன் கணக்கை உறுப்பினருக்குக் காட்ட வேண்டும். தொழிலாளருடன் செய்யப்படும் ஒவ்வோர் ஒப்பந்தமும் எளிய தமிழில் அச்சிடப்பட்டு, கைச்சாத்துக்கு முன்னரே தோட்டக் கமிட்டிகளில் வாசிக்கப்பட வேண்டும். கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மையினர் பெண்களாதலின், மலையில் வேலையும் வீட்டில் வேலையும் முடித்துக் களைத்தவர்களை இரவில் அழைக்காது, சம்பளத்துடன் கூடிய கல்வி விடுமுறையைப் பேச்சுவார்த்தையின் ஒரு கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். ஆண், பெண் சம சம்பளத்தை 1984 போராட்டத்தின் மூலம் வென்ற சமூகத்துக்கு இக்கோரிக்கை எட்டாத ஒன்றன்று. பயிற்சி பெற்ற பெண்கள் மாதர் சங்கத்துடன் நின்றுவிடாமல் தோட்டத் தலைவர், மாவட்டப் பிரதிநிதி பதவிகளுக்கும் தெரிவாக வேண்டும்.

மலையகத் தொழிற்சங்க வரலாறு ஓர் இனத்தாருக்கோ மதத்தாருக்கோ மட்டும் உரியதன்று. ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை வழிநடத்திய அப்துல் அஸீஸின் பெயர் தொண்டமானின் பெயரோடு இணைத்தே பேசப்படுவது இதற்குச் சான்றாகும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கடை வைத்திருப்போரும் ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், தோட்டத்தின் வருமானத்தோடு பிணைந்தவர்களே. சம்பளச் சீட்டொன்றை வாசித்துக் காட்ட இவர்களிற் பலரால் முடியும். சங்கங்கள் கதவைத் திறக்குமாயின், பாடசாலைக் கட்டடங்களும் கோயில், பள்ளிவாசல் மண்டபங்களும் வகுப்பறைகளாக மாறலாம்.

கற்ற உறுப்பினர்களைக் கண்டு அஞ்சும் தலைமை, நாளடைவில் உறுப்பினர்களையே இழக்கும். கேள்வி கேட்கும் உறுப்பினர்களை உருவாக்கும் தலைமையோ, பேச்சுவார்த்தை மேசையில் தனித்து நிற்காது. எதைத் தெரிவு செய்வது என்பது சங்கங்களின் கையிலேயே உள்ளது.