காற்றால் இயங்கும் பாவை மேடைகள்

பீட்சாவை முன்னதாகவே சுட்டு வைத்தல் இயலாது; கேட்ட பின்னரே மாவைத் தட்டி அடுப்பிலிட வேண்டும். ஆகவே அதனை உண்ண வருவோர் ஏறத்தாழ இருபது நிமிஷமேனும் காத்திருக்க நேரிடும். பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. பசியோடிருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது நெடும்பொழுது. இந்தக் காத்திருப்பையே மூலதனமாகக் கொண்டு, 1977ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ஸான் ஹோஸே நகரில், ஒரு புதுவகை உணவு விடுதி திறக்கப்பட்டது. அதன் பெயர் ‘சக் ஈ. சீஸ் பீட்சா டைம் தியேட்டர்’ என்பது. அங்கே உண்போரின் தலைக்கு மேலே, படச்சட்டங்களுக்குள்ளிருந்து எலியும் நாயும் பூனையும் கண்ணிமைத்து, வாய் திறந்து, ஒன்றையொன்று கேலி செய்து பாடின.

இத்தகைய இயங்கு பாவைகளின் கலையை அனிமேட்ரானிக்ஸ் என வழங்குவர். இதனை வெறும் வேடிக்கையென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டே குறிகளைக் கொண்டு உயிருள்ளது போன்ற அசைவை எங்ஙனம் உண்டாக்கலாம் என்பதை மாணவர்க்கு விளக்குவதற்கு இதனினும் கண்கூடான எடுத்துக்காட்டு எளிதில் கிட்டாது.

தானே இயங்கும் பாவை மிகப் பழையதொரு கனவு. ஸ்விட்சர்லாந்து நாட்டின் நியூஷாடெல் நகரக் காட்சிசாலையில், 1774ஆம் ஆண்டளவில் ஜாக்கே-துரோ குடும்பத்தார் செய்து முடித்த சிறுவன் பாவை ஒன்று இன்றும் உள்ளது. அது இறகுப் பேனாவை மையில் தோய்த்து எழுதும். அதன் முதுகினுள் அடுக்கப்பட்டுள்ள, விளிம்பு மேடுபள்ளமாக வெட்டப்பட்ட பித்தளைத் தட்டுகளே அதன் ஞாபகம். தட்டுகள் சுழல, அவற்றின் விளிம்பைத் தடவிச் செல்லும் நெம்புகோல்கள் கையை அசைக்கின்றன. ஞாபகத்தைப் பித்தளையிலிருந்து காந்த நாடாவிற்கு மாற்றியதே இருபதாம் நூற்றாண்டின் புதுமை.

அம்மாற்றத்தைப் பொதுமக்கள் முதன்முதலாகப் பெரிய அளவிற் கண்டது 1963ஆம் ஆண்டில், வால்ட் டிஸ்னியின் டிஸ்னிலாந்துப் பூங்காவில் திறக்கப்பட்ட ‘டிகி அறை’யில் எனலாம். அங்கே பாடும் பறவைகளுக்கான கட்டளைகள் நாடாவில் ஒலிகளாகப் பதியப்பட்டிருந்தன. குறித்த சுருதியுடைய ஒலி வந்ததும் அதற்கேற்ற உலோக நாக்கு அதிர்ந்து மின்சுற்றை மூடும், மின்னோட்டம் காற்று வால்வைத் திறக்கும், அலகு அசையும். அடுத்த ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆபிரகாம் லிங்கனின் உருவம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொற்பொழிவாற்றிற்று. இவையெல்லாம் பெருஞ் செலவிற் செய்யப்பட்டவை. அருகிலேயே எந்நேரமும் பொறியாளர்கள் காவலிருக்கும் இடங்களில் வைக்கப்பட்டவை. இதனையே ஒரு கடைத்தெரு உணவு விடுதிக்குள் கொண்டுவரலாம் என்று எண்ணியவர் நோலன் புஷ்னெல்.

புஷ்னெல் 1972ஆம் ஆண்டு அடாரி என்னும் வீடியோ விளையாட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். காசு போட்டு ஆடும் அவ்விளையாட்டுகள் அக்காலத்தில் மதுக்கடைகளிலேயே பெரிதும் இருந்தன. அங்கே குழந்தைகளை அழைத்துச் செல்ல இயலாது. குடும்பத்தோடு வரத்தக்க இடம் ஒன்று இருப்பின் விளையாட்டு யந்திரங்களும் விலைபோகும், உணவும் விலைபோகும் என்பது அவருடைய கணக்கு. பாவைகள் பாடுவது சில நிமிஷம், பின்னர் இடைவேளை. இடைவேளையில் குழந்தைகள் எங்கே ஓடுவர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அடாரி அதற்குள் வார்னர் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது; வார்னருக்கு இத்தொழிலில் அக்கறையில்லை. எனவே புஷ்னெல் அந்த விடுதித் திட்டத்தை 500,000 டாலர் கொடுத்துத் தாமே வாங்கிக்கொண்டார்.

இனி, பாவையின் தோலைச் சற்று நீக்கி உள்ளே நோக்குவோம்.

எலும்பின் இடத்தில் உலோகச் சட்டம். மூட்டின் இடத்தில் கீல். தசையின் இடத்தில் காற்று உருளை. சைக்கிள் பம்பில் நாம் பிடியை அழுத்தக் காற்று வெளிவருகிறது. இவ்வுருளையில் அதற்கு நேர்மாறாக, காற்றை உள்ளே செலுத்தத் தண்டு நகர்கிறது. காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோகிராம் எனவும், பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் எனவும் கொள்வோமாயின், தண்டு 12 கிலோகிராம் எடையைத் தாங்கத்தக்க விசையுடன் தள்ளும். ஒரு கரடியின் கையைத் தூக்க இது தாராளம். ஒவ்வோர் உருளைக்கும் ஒரு வால்வு உண்டு. வால்வின் தலையில் ஒரு மின்காந்தச் சுருள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காற்று ஒரு புறம் செல்லும். நின்றால் அது வெளியேறித் தண்டு திரும்பும். மேடைக்குப் பின்னால் எங்கோ ஒரு கம்ப்ரெஸர் ஓயாது காற்றை அழுத்திச் சேமித்துக்கொண்டிருக்கும்.

எண்ணெய் அழுத்தத்தை விடுத்துக் காற்றைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. எண்ணெய் கசிந்தால் பாவையின் தோலும் கெடும், கீழே இருக்கும் உணவும் கெடும். காற்று கசிந்தால் ‘உஸ்’ என்னும் ஓசை மட்டுமே. மேலும் காற்று அமுங்கும் தன்மையுடையதாகலின் அசைவில் ஒரு மென்மை தானாகவே அமைகிறது. இதனைப் பள்ளியிற் காட்டுவது எளிது. ஊசி நீக்கிய இரண்டு மருந்துப் பீச்சுக்குழல்களை ஓர் அடி நீள ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றை அழுத்துக. மற்றது சற்றே தயங்கி, துள்ளி எழும். அதே குழாயை நீரால் நிரப்பி மீண்டும் அழுத்துக; அது தயக்கமின்றிக் கூடவே நகரும். முன்னையது காற்றின் குணம். பின்னையது திரவத்தின் குணம். காற்றால் பொம்மைக்குக் குரல் கொடுக்கும் எண்ணமும் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றப்பட்டு, இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கும் திப்பு சுல்தானின் மரப்புலியின் உறுமலும், அதன் கீழே கிடக்கும் மனிதனின் ஓலமும் துருத்திக் காற்றால் எழுபவையே.

ஆயினும் வால்வு திறக்கும், அல்லது மூடும். அதற்கு அரைமனம் கிடையாது. அவ்வாறாயின் கழுத்து மெல்லத் திரும்புவதும், கை பாதி உயர்ந்து நிற்பதும் எப்படி? இங்கேதான் கைவினைஞனின் திறமை வெளிப்படுகிறது. வெளியேறும் காற்றின் வழியில் ஒரு சிறு திருகு உண்டு. அதனைத் திருப்புளியால் இறுக்கினால் காற்று மெல்லக் கழியும், அசைவும் மெதுவாகும். அசைவு மெதுவானபின், தண்டு கோடியை அடையுமுன்பே கட்டளையை மாற்றிவிடலாம். அப்போது கை நடுவழியில் தயங்கி நிற்பது போலத் தோன்றும். கண்ணிமைக்கு விரைவு வேண்டும். தோளுக்கு நிதானம் வேண்டும். ஐந்து அசைவுகளே உள்ள பாவையும், ஒவ்வொன்றும் இரு நிலை உடையதாதலின், 32 வேறு தோற்றங்களைக் காட்டவல்லது. வாயோ திறந்து மூடுவது ஒன்றையே அறியும். எனினும் பாட்டின் அசைகளோடு அது பொருந்திவிட்டால், உதடு எழுத்துக்களை உச்சரிப்பதாகவே பார்ப்போர் நம்புவர். செவி கண்ணை ஏமாற்றிவிடுகிறது.

இக்கலையை மிக உயரத்திற்குக் கொண்டுசென்றவர் புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் ‘கிரியேட்டிவ் என்ஜினீயரிங்’ என்னும் பட்டறையை நடத்திய ஆரன் ஃபெக்டர். விடுதித் தொழில் நடத்திவந்த ராபர்ட் பிராக் என்பார் 1979ஆம் ஆண்டு புஷ்னெலிடம் கிளைகள் திறக்க உரிமை பெற்றிருந்தார். பின்னர் ஃபெக்டரின் ‘உல்ஃப் பேக் 5’ என்னும் பாவைக் குழுவைக் கண்டதும், தாம் பெற்றது இதற்கு ஈடாகாது என்று முடிவு செய்து, ஒப்பந்தத்தைக் கைவிட்டு ஃபெக்டரோடு சேர்ந்துகொண்டார். 1980ஆம் ஆண்டு மார்ச் மாதம் மிஸௌரி மாநிலத்துக் கான்ஸாஸ் சிட்டியில் ‘ஷோபிஸ் பீட்சா பிளேஸ்’ திறக்கப்பட்டது. வழக்குத் தொடுக்கப்பட்டது, பிராக் தம் வருவாயில் ஒரு பங்கைப் புஷ்னெலின் நிறுவனத்திற்குப் பல ஆண்டுகள் செலுத்துவதென்று சமரசம் ஏற்பட்டது.

ஃபெக்டரின் குழுவிற்கு ‘ராக்-அஃபயர் எக்ஸ்ப்ளோஷன்’ என்று பெயர். படச்சட்டத் தலைகளைப் போலன்றி, இவை முழு உருவங்கள். மூன்று மேடைகளில் நிறுத்தப்பட்டவை. நடுமேடையில் விசைப்பலகை வாசிக்கும் கொரில்லா ஃபாட்ஸ், முரசு கொட்டும் நாய் டூக், கிதார் ஏந்திய கரடி, பாடும் சுண்டெலி மிட்ஸி. ஒரு பக்க மேடையில் ரோல்ஃப் என்னும் ஓநாய்; அதன் கையிலே ஒரு கைப்பாவை. பாவையொன்று மற்றொரு பாவையை ஆட்டுவிப்பதும், அவ்விரண்டும் தம்முள் சச்சரவிடுவதும் நயமான கற்பனை. மறுபக்க மேடையில் பில்லி பாப் என்னும் கரடியும், பீப்பாயிலிருந்து தலை நீட்டும் பறவையும். மேடையை மூன்றாகப் பிரித்ததில் ஒரு தந்திரம் உண்டு. விளக்கு விழும் மேடையையே கண் நாடும். மற்ற இரண்டும் அதுவரை இருளில் ஓய்ந்திருக்கலாம். ஒரே பாவையை நெடுநேரம் உற்று நோக்க விட்டால் அதன் அசைவு மீண்டும் மீண்டும் அதுவே என்பது குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

இவை அனைத்தையும் ஆட்டுவித்தது நான்கு தடங்கள் கொண்ட ஒரு நாடா. இரண்டு தடங்களில் பாட்டும் பேச்சும். மற்ற இரண்டில் கட்டளைகள். கட்டளைத் தடத்தைக் கேட்டால் இரைச்சலாகவே ஒலிக்கும். உண்மையில் அது 1, 0 என்னும் குறிகளின் நீண்ட வரிசை; வரிசையில் ஒவ்வோர் இடமும் ஒரு வால்வுக்கு, அல்லது ஒரு விளக்குக்கு உரியது. அவ்வரிசை ஒரு விநாடியில் பலமுறை புதுப்பிக்கப்பெறும். ஒரு சிக்கல்: நாடா எப்போதும் ஒரே வேகத்தில் ஓடாது, சூட்டினாலும் தேய்மானத்தினாலும் சற்று முன்பின் ஆகும். அங்ஙனமாயின், ஒரு குறி முடிந்து மறுகுறி தொடங்குவதை யந்திரம் எப்படி அறியும்? இதற்குக் கையாண்ட முறை அழகானது. ஒவ்வொரு குறியின் தொடக்கத்திலும் காந்தத்தின் திசை கட்டாயம் மாறும். குறியின் நடுவிலும் மற்றொரு முறை மாறினால் அது 1. மாறாவிடில் அது 0. ஆகவே தாளமும் செய்தியும் ஒரே தடத்தில் கலந்தே வருகின்றன. நாடா சற்று வேகம் குன்றினும் பொருள் மாறுவதில்லை.

எனவே கட்டளையைக் காத்துக் கொண்டுவந்து சேர்க்கும் சிக்கல் தீர்ந்துவிட்டது. தீராதது தோல். முகங்கள் ரப்பர்ப் பாலை அச்சில் வார்த்துச் செய்யப்பட்டவை. ஒரு நாளில் பல்லாயிரம் முறை மடங்கும் வாயோரம் விரைவில் வெடிக்கும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓஸோனும் ரப்பரைத் தாக்கிக் கடினமாக்கும். மயிர்த்துணியில் அடுப்புப் புகையும் கொழுப்பும் படியும். கம்ப்ரெஸரில் சேரும் நீரை வடிக்காவிடில் அது வால்வுகளுட் புகுந்து அவற்றைப் பற்றவைக்கும். ஒரு வால்வு பழுதுபட்டால் ஓர் இமை மூடியபடியே நின்றுவிடும். பாடும் கரடி அக்கணமே பிணம்போலாகிவிடுகிறது. பொறியமைப்பில் நூற்றில் ஒரு பகுதி கெட்டாலும், காண்போர் உள்ளத்தில் மாயை முழுவதும் கெட்டுவிடுகிறது. இப்பாவைகளைக் கண்டு அஞ்சிய குழந்தைகள் பலர் அஞ்சியது, அவை உயிருள்ளவை போன்றிருந்ததனால் அன்று, பாதி உயிரோடிருந்தது போலத் தோன்றியதனால் என்றே கருதுகிறேன். கருவியைச் செய்து முடித்ததோடு கடமை தீர்ந்ததென எண்ணும் வழக்கம் பீட்சா விடுதிகளுக்கு மட்டும் உரியதன்று. களப்பணியாளர்கள் இதனை நன்கு அறிவர்.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுத் தொழில் சரிந்தது. 1984இல் புஷ்னெலின் நிறுவனம் திவாலாயிற்று. பிராக்கின் நிறுவனமே அதனை வாங்கி, இரண்டையும் ஒன்றாக்கிற்று. ராக்-அஃபயர் பாத்திரங்களின் உரிமையை ஃபெக்டர் விட்டுக்கொடுக்க மறுத்தார். அதன் விளைவு விசித்திரமானது. 1990ஆம் ஆண்டு தொடங்கி, மேடையிலிருந்த பாவைகளின் தோலை உரித்து, அதே உலோகச் சட்டங்களின் மேல் மற்ற நிறுவனத்தின் முகங்களைப் பொருத்தினர். ஓநாய் ரோல்ஃப் எலியாயிற்று. சுண்டெலி மிட்ஸி கோழியாயிற்று. நாய் டூக் மீசை வைத்த சமையற்காரனாயிற்று. எலும்பும் காற்றும் பழையன. பெயரும் பாட்டும் புதியன. கொரில்லாவின் தாடைக்கென அளந்து செய்த கீல் வேறொரு முகத்தை எவ்வளவு பொருத்தமாக அசைத்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

பின்னர் நாடாவின் இடத்தை எலெக்ட்ரானிக் தட்டுகள் பிடித்தன, மேடைகள் சிறுத்தன, பாவைகளின் எண்ணிக்கை குறைந்து, தொலைக்காட்சித் திரைகள் பெருகின. திரைக்குத் தோல் கிழிவதில்லை, காற்றும் வேண்டுவதில்லை. 2017ஆம் ஆண்டு அந்நிறுவனம் பாவை மேடைகளைப் படிப்படியாக அகற்றி, அவ்விடத்தில் குழந்தைகள் ஆடுவதற்கான தளம் அமைக்கப்போவதாக அறிவித்தது. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் அதுவும் திவால் மனுச் செய்தது. அகற்றும் வேலை அதன் பின்னரும் தொடர்ந்தது.

ஆயினும் அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகியிருந்தனர். கைவிடப்பட்ட பாவைகளைச் சிலர் விலைக்கு வாங்கித் தம் இல்லங்களில் மீண்டும் நிறுத்தினர்; பழைய நாடாக்களிலிருந்து கட்டளைத் தடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினர்; புதிய பாட்டுக்களுக்கும் அவற்றை ஆடச் செய்தனர். 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் கிளையில் மட்டும் பாவைக் குழுவை நிலையாக வைத்திருப்பதென்று நிறுவனம் அறிவித்தது. 2024இல் வேறு சில கிளைகளும் அவ்வாறே விலக்கப்பட்டன. அங்கே திரை விலகுமுன் இன்றும் யாரேனும் ஒருவர் பின்புறம் சென்று கம்ப்ரெஸரின் நீரை வடித்துவிட்டுத்தான் வரவேண்டும்.