பம்பும் குழாயும்

திண்டுக்கல்லின் பேகம்பூர், ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்தது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்பெற்ற இடம். தோலை ஊறவைக்கவும் கழுவவும் ஓயாது நீர் வேண்டும். ஆகவே பம்பின்றி அத்தொழில் இல்லை.

அங்கொரு தொழிற்கூடத்தில் புதிய பம்பின் வார்ப்பிரும்புப் பிளாஞ்சு விரிசல் கண்டிருந்ததை நான் நேரில் பார்த்தேன். காரணம் யாது? குழாய் அரை அங்குலம் விலகியிருந்தது. பொருத்தியவர் போல்ட்டுகளை முறுக்கியே அதனை இழுத்துச் சேர்த்துவிட்டார். குழாயின் திமிறல் முழுவதும் பம்பின்மேல் விழுந்தது. உடைவது ஒருபுறமிருக்க, தண்டு கோணிப் பேரிங்கும் தேயும். குழாயைத் தனித் தாங்கிகளில் நிறுத்தவேண்டும். இரு பிளாஞ்சுகளும் இழுக்காமலே ஒன்றையொன்று தொடவேண்டும். பின்னர் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்கவேண்டும். முடித்ததும் தண்டு கையால் எளிதில் சுழல்கிறதா என்று பார்ப்பது நலம். இவற்றுக்கெல்லாம் முன்பே மின்சாரத்தைத் துண்டித்து, பியூசைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். சொல்ல எளிது, செய்பவர் சிலரே!

மாணவர்களே, உறிஞ்சு குழாய் இன்னும் நுட்பமானது. பம்பு நீரை இழுப்பதில்லை. காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. டாரிசெல்லி 1644-இல் எழுதிய கடிதமொன்றில் பாதரசத்தைக் கொண்டு இவ்வழுத்தத்தை விளக்கினார். கடல்மட்டத்தில் அது ஏறக்குறைய 10.3 மீட்டர் நீரையே தாங்கும். நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் நம்பலாகாது. அக்குழாய் பம்பை நோக்கிச் சற்றே ஏறியபடி செல்லவேண்டும். நடுவில் மேடிருந்தால் காற்று அங்கே தங்கும், நீர் அறுபடும். பம்பு வெறுமனே சுழன்று, கிளாண்டுக் கயிறு சூடேறிக் கருகும்.