படத்தில் நன்றாக விழாதவர் உண்டோ?

(மூன்றாம் ஆண்டு, இளநிலை இயற்பியல்)

“எனக்குப் போட்டோவில் முகம் நன்றாக விழாது” என்று சொல்பவர்கள் நம் வகுப்பிலேயே பலர் இருக்கிறார்கள். குழுவாகப் படம் எடுக்கும்போது மெல்லக் கடைசி வரிசைக்கு நழுவிவிடுவார்கள். என் அம்மாவும் அப்படிச் சொல்பவர்தாம். அவர் சொல்வது உண்மையல்ல என்பதை நான் செய்த ஒரு தவற்றிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். வெளிப்புறத்தில், இயற்கை ஒளியில் ஒருவரைப் படம் எடுப்பது பற்றி நான் கற்றவற்றை நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். மண்டபத்து வாசலில் கட்டும் பேனருக்கு அப்பா, அம்மா படமும் வேண்டும் என்றார்கள். சித்திரை மாதம், பகல் பன்னிரண்டரை மணி. அம்மாவைப் புதிதாக வெள்ளையடித்த சுவரின் முன் நிறுத்தினேன். “கையை நேராக வை அம்மா, சிரி” என்று சொல்லிக் கைபேசியில் படத்தை எடுத்து முடித்தேன். எல்லாம் அரை நிமிட வேலை.

படத்தில் சுவர் பளிச்சென்று இருந்தது. அம்மாவின் முகம் கரி பூசியதுபோல் இருந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு பள்ளங்கள்! “கவலைப்படாதீங்க தம்பி, சரிபண்ணிடலாம்” என்றார் பேனர் கடைக்காரர். கணிப்பொறியில் அம்மாவை வெளுக்க வைத்தார். கன்னத்துச் சுருக்கங்களையும் துடைத்துவிட்டார்.

கல்யாணத்தன்று காலை அம்மா அந்தப் பேனர் முன் சற்று நேரம் நின்றார். “யாருடா இந்தப் பொம்பளை?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இரவு பந்தி முடிந்து பாத்திரங்களை எண்ணி வைக்கும்போது மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “இனிமே என் படத்தை எங்கயும் போடாதே கண்ணு. அப்பா படம் மட்டும் போதும்.”

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. கல்லூரி திறந்ததும் அந்தப் படத்தை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டே கேள்விகள் கேட்டார்: “வெளிச்சம் எங்கிருந்து வந்தது? காமிரா எதைப் பார்த்து வெளிச்சத்தை அளந்தது?” விடை தேடப் புறப்பட்டவன் ஓராண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

தமிழ்நாடு கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால், ஆண்டில் இரண்டு நாட்கள் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று நண்பகலில் நட்டு வைத்த கோலுக்கு நிழல் விழாது. நிழலில்லா நாள் என்று அதைச் சொல்கிறோம். சென்னையில் அது ஏப்ரல் பின்பகுதியிலும் ஆகஸ்டிலும் வருகிறது. தெற்கே போகப்போகத் தேதி மாறும். நான் அம்மாவைப் படம் எடுத்த சித்திரைப் பகல் அந்த நாளுக்கு வெகு அருகில். உச்சியிலிருந்து இறங்கும் ஒளி நெற்றியிலும் மூக்கின் மேலும் விழும்; புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். போதாக்குறைக்கு வெயில் கூசிக் கண்ணைச் சுருக்க வேண்டிவரும். அந்த வெளிச்சத்தில் எந்த முகமும் நன்றாக விழாது. குற்றம் முகத்தினுடையதன்று, நேரத்தினுடையது.

எனவே முதற்பாடம், நேரம் பார்ப்பது. சூரியன் எழுந்த பின் ஒரு மணி, மறையும் முன் ஒரு மணி. அப்போது ஒளி பக்கவாட்டில் சாய்ந்து, மென்மையாகவும் மஞ்சளாகவும் வரும். நண்பகலில் எடுத்தே தீரவேண்டும் என்றால் நிழலைத் தேடுங்கள். ஆனால் எல்லா நிழலும் ஒன்றல்ல. வேப்பமரத்தடியில் இலைகளின் இடுக்கு வழியே வெயில் பொட்டுப் பொட்டாகச் சொட்டும். முகத்தில் அம்மை வார்த்தாற்போல் ஆகிவிடும். அடர்ந்த புளியமரத்தின் நிழல் நன்று. எல்லாவற்றிலும் சிறந்தது நம் வீட்டுத் திண்ணை!

திண்ணையில் கூரை உச்சி ஒளியைத் தடுக்கிறது. வானத்தின் பரந்த ஒளி தெருப்பக்கம் இருந்து மட்டும் முகத்தை நோக்கி வருகிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்டூடியோவில் விளக்குகள் அமைத்துப் பெறும் ஒளியை நம் கொத்தனார் இலவசமாகவே கட்டித் தந்திருக்கிறார். படம் எடுக்கப்படுபவரைத் திண்ணையின் விளிம்பருகே அமர்த்தித் தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் தெருவில் நில்லுங்கள். அவர் முகத்தை மெல்ல இடமும் வலமும் திருப்பினால், ஓரிடத்தில் கண்மணியில் சிறு வெளிச்சப் பொட்டு மின்னும். அங்கே நிறுத்துங்கள். அந்தப் பொட்டு இல்லாத கண் படத்தில் உயிரற்றுத் தெரியும். முகத்தின் ஒரு பக்கம் மிக இருண்டிருந்தால், வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து நண்பரைப் பிடிக்கச் சொன்னால் போதும். அது ஒளியைத் திருப்பித் தரும்.

காமிரா எதைப் பார்த்து அளந்தது?

காமிராவுக்கு நம் அம்மாவைத் தெரியாது. தன் முன் இருப்பது பொதுவாக இடைநிலைச் சாம்பல் நிறம், அதாவது தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் பொருள், என்ற கணக்கில்தான் ஒளியளவு அமைந்திருக்கிறது. சட்டத்தில் முக்கால் பங்கு வெள்ளைச் சுவராக இருந்தால், “ஒளி மிகுந்துவிட்டது” என்று அது எல்லாவற்றையும் குறைத்துவிடும். சுவர் தப்பித்துக்கொள்ளும், முகம் இருண்டுவிடும். இன்றைய கைபேசிகள் முகத்தைக் கண்டறிந்து ஓரளவு திருத்திக்கொள்கின்றன. ஆயினும் கறுத்த முகமும் வெள்ளைச் சுவரும் சேர்ந்தால் இன்னும் ஏமாறத்தான் செய்கின்றன.

இதற்கு மருந்து எளிது. திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து, ‘இதைப் பார்த்து அள’ என்று காமிராவுக்குச் சொல்லுங்கள். வெள்ளைச் சுவரை விட்டுச் செங்கல் சுவர், மண் சுவர், மரக்கதவு, இலைப் பச்சை இவற்றுள் ஒன்றைப் பின்புலமாகக் கொள்ளுங்கள். கறுத்த முகம் ஒளியில் எத்தனை வகையாகப் பளபளக்கிறது என்பதை அப்போது காண்பீர்கள்.

இதில் ஒரு வரலாறும் உண்டு. வண்ணப்படங்களை அச்சிடும் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க, கோடக் நிறுவனம் 1950களிலிருந்து மாதிரி அட்டைகளை அனுப்பிவந்தது. அவற்றில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண். முதலில் அதற்கு அமர்ந்த ஊழியரின் பெயரால் அதற்கு ‘ஷர்லி அட்டை’ என்றே பெயர் வந்தது. அந்த முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள்! பல நிறத்து முகங்களும் கொண்ட அட்டைகள் 1990களில்தான் வந்தன. அதுவரை கறுத்தவர்கள், குறை தம் முகத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள். இன்று கைபேசியில் முகத்தை வெளுக்க வைக்கும் வசதியும் அதே எண்ணத்தைத்தான் வளர்க்கிறது. நிறத்தை மாற்றுவது அழகுபடுத்துவது ஆகாது; ஆளை மாற்றுவது. “யாருடா இந்தப் பொம்பளை?” என்று அம்மா கேட்டதன் பொருள் அதுதான்.

சட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

ஆளை மட்டும் பார்த்துப் படம் எடுப்பதுதான் நம் வழக்கம். பின்னால் நிற்கும் மின்கம்பம், படத்தைப் பார்க்கும்போதுதான் தலையிலிருந்து முளைத்திருப்பது தெரியும். எனவே எடுக்கும் முன் சட்டத்தின் நான்கு ஓரங்களிலும் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள். ஓரடி தள்ளி நின்றாலே பல கம்பங்கள் மறைந்துவிடும். ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் ஆறேழு அடி முன்னே வரச் செய்யுங்கள்.

தூரமும் முக்கியம். கைபேசியின் சாதாரண லென்ஸ் அகன்ற பார்வை கொண்டது. முகம் சட்டத்தை நிறைக்க வேண்டும் என்று இரண்டடிக்குள் போனால், மூக்கு பருத்தும் காது சிறுத்தும் தெரியும். காமிராவுக்கு மூக்கு அருகிலும் காது தள்ளியும் இருப்பதே காரணம். ஐந்தாறு அடி பின்னால் போய், இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். முகப்படத்துக்கு 85 முதல் 105 மில்லிமீட்டர் வரையுள்ள லென்ஸைக் கலைஞர்கள் விரும்புவதும் இந்த இடைவெளிக்காகத்தான்.

சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, அக்கோடுகளின் மேல் முக்கியமானதை வைக்கும் முறைக்கு அடிப்படையான மூன்றிலொரு பங்கு விதியை ஆங்கிலேய ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் 1797-இல் இயற்கைக் காட்சிகளுக்காக எழுதிவைத்தார். முகப்படத்தில் கண்கள் மேல் மூன்றிலொரு கோட்டில் அமைந்தால் பெரும்பாலும் பொருந்தும். ஒருவர் பக்கவாட்டில் பார்த்தால், பார்க்கும் பக்கத்தில் இடம் விடுங்கள். மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் படத்தை வெட்டாதீர்கள். உறுப்பு முறிந்ததுபோல் தோன்றும். முகப்படத்துக்குக் காமிரா கண்மட்டத்தில் இருக்கட்டும். முழு உருவத்துக்கு இடுப்பு மட்டத்துக்கு இறங்கட்டும். அமர்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால், அவரை மேலிருந்து பார்த்ததாக ஆகிவிடும். குனியுங்கள், மண்டியிடுங்கள்.

எப்படி நிற்பது?

காமிராவைக் கண்டதும் நாம் ஏன் விறைத்துக்கொள்கிறோம்? அதுவும் பழைய கதைதான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் என்பவர் 1839-இல் தம் குடும்பக் கடையின் பின்முற்றத்தில் தம்மையே படம் எடுத்துக்கொண்டார். இன்று கிடைக்கும் மிகப் பழைய முகப்படங்களுள் அது ஒன்று. வெயில் வேண்டியே முற்றத்துக்கு வந்தார். அக்காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். பின்னர் ஸ்டூடியோக்களில் தலை ஆடாமலிருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கியே வைத்தார்கள். இன்று நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். தாங்கி போய்விட்டது, விறைப்பு மட்டும் போகவில்லை!

நிற்கும் அழகை அறிய நாம் அயல்நாடு போகவேண்டாம். சென்ற ஆண்டு தஞ்சாவூர்ச் சுற்றுலாவில், அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனரைக் கண்டேன். முதலாம் இராசராசன் காலத்தில், 1011-ஆம் ஆண்டளவில் வார்த்த செப்புத் திருமேனி. ஒரு காலை ஊன்றி, மற்றக் காலைக் குறுக்கே வைத்து, ஒரு கையைப் பக்கத்தில் நிற்கும் காளையின்மேல் சாய்த்தாற்போல் நிற்கிறார். காளை இன்று அங்கே இல்லை. ஆனாலும் அந்தக் கையைப் பார்த்தால் காளை கண்ணுக்குத் தெரிகிறது. என் தவறு அங்கேதான் எனக்கு விளங்கியது. அம்மாவின் கைக்கு நான் எதையுமே கொடுக்கவில்லை.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்டவை சில. எடை ஒரு காலில் இருக்கட்டும்; மறு முழங்கால் சற்று மடங்கட்டும். கழுத்து, இடை, முழங்கால் மூன்றும் வளைவதைத்தானே சிற்பிகள் திரிபங்கம் என்றார்கள்! உடல் சற்றுத் திரும்பியிருக்க, முகம் மட்டும் காமிராவைப் பார்க்கட்டும். தாடையைத் தூக்காமல் சற்று முன்னே கொண்டுவந்து இறக்கினால் கழுத்து தெளிவாகும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: புத்தகம், சைக்கிள் கைப்பிடி, திண்ணைத் தூண், எதுவாயினும் சரி. “சிரி” என்று கட்டளை இடாதீர்கள், பேச்சுக் கொடுங்கள். “எடுத்தாயிற்று” என்று சொன்னதும் அவர் ஒரு பெருமூச்சு விடுவார். அந்த நொடிக்குத் தயாராக இருங்கள். நல்ல படம் பெரும்பாலும் அப்போதுதான் கிடைக்கும்.

மீண்டும் அம்மா

தை மாதம், பொங்கல் விடுமுறை. மாலை நாலரை மணிக்கு அம்மா திண்ணையில் அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். கைக்கு வேலை நான் கொடுக்க வேண்டியதே இல்லை. நான் தெருவில் மண்டியிட்டேன். “வேணாம்டா, நான் நல்லா விழமாட்டேன்” என்றார். “நீ பூவைக் கட்டு அம்மா” என்று சொல்லி, அவர் பிறந்த ஊரின் குளத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தக் குளத்தில் நீந்திய கதையைச் சொல்லத் தொடங்கினார். பின்னால் மரக்கதவு. முகத்தில் தெருவின் ஒளி. கண்ணில் அந்தச் சிறு பொட்டு. நாற்பது நிமிடம் இருந்தேன், எடுத்தவை பதினொன்று, தேறியது ஒன்று.

அந்த ஒன்றில் அம்மா கறுப்பாகத்தான் இருக்கிறார். கன்னத்துச் சுருக்கங்களும் இருக்கின்றன. அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். வெகு நேரம் பார்த்தார். “எங்க அம்மா சாயல் தெரியுது” என்றார். பிறகு, “இன்னொண்ணு போட்டு வாங்கிட்டு வா. அக்கா வீட்டுக்குக் கொடுக்கணும்” என்றார்.

நண்பர்களே, இவ்வாண்டு இறுதியில் நாம் பிரிகிறோம். வகுப்புக்கு வகுப்பு மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். பகல் பன்னிரண்டு மணிக்கு வேண்டாம். மாலை நான்கரைக்கு வைத்துக்கொள்வோம். கடைசி வரிசைக்கு நழுவும் நண்பரைக் கைபிடித்து முன்னால் அழைத்து வருவோம். படத்தில் நன்றாக விழாதவர் எவரும் இல்லை. அவருக்காக ஒளியைத் தேடாதவர்களும், ஓரடி தள்ளி நிற்காதவர்களும், கொஞ்ச நேரம் காத்திராதவர்களுமே உண்டு. நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தவன்தான்.