இனிப்பும் இன்சுலினும்

நீரிழிவு என்றதும் தாத்தா, பாட்டிமாருக்கு வரும் நோய் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் பச்சிளங் குழந்தைகளுக்கும், நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரக்கூடிய நீரிழிவும் உண்டு. அதனை முதல் வகை நீரிழிவு என்பர்.

நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் செரித்து, குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அது உடலின் உயிரணுக்களுக்குள் நுழைய உதவும் திறவுகோலே இன்சுலின். இது வயிற்றின் பின்புறமுள்ள கணையத்தில் சுரக்கிறது. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே, இன்சுலின் சுரக்கும் அணுக்களைத் தவறுதலாக அழித்துவிடுவதால் இந்நோய் உண்டாகிறது. மிட்டாய் தின்றதால் வந்ததன்று, பெற்றோரின் குற்றமுமன்று.

முற்காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகள் விரைவில் மடிந்தனர். 1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சாவின் விளிம்பிலிருந்த அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பான்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் நாளே உலக நீரிழிவு நாள். நமக்கு அது குழந்தைகள் தினமும் அல்லவா?

இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துவிடும். ஆகவே வயிறு, தொடை போன்ற இடங்களில் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துகின்றனர். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்துவிடும் என்பதால் இடத்தை மாற்றிக் கொள்ள வேண்டும். நாள் முழுதும் வேலை செய்யும் இன்சுலின் ஒன்று, உணவு வேளைக்கென விரைந்து வேலை செய்யும் இன்சுலின் மற்றொன்று. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையைச் சோதித்து, மருத்துவர் கூறியபடி அளவைக் கணக்கிடுவர். காய்ச்சல் வந்தாலும் தாமாக இன்சுலினை நிறுத்தலாகாது. வாந்தியும், மூச்சில் பழவாடையும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உணவு குறைந்தாலோ, விளையாட்டு மிகுந்தாலோ சர்க்கரை திடீரென இறங்கிவிடும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆபத்து. வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அவளைத் தனியே ஓய்வறைக்கு அனுப்பக் கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவ உதவியை நாட வேண்டும்.

தவக்காலத்தில் ஒருசந்தி இருக்க அவள் விரும்பலாம். ஆனால் நோயுற்றோர்க்குத் திருச்சபையே விலக்கு அளித்துள்ளது. வேளை தவறாமல் உண்பதே அவளுக்கு ஏற்றது.

பெண் பிள்ளை என்பதால் சில வீடுகளில் இந்நோயை மறைக்கின்றனர். யாருக்கும் தெரியாவிட்டால் ஆபத்து வேளையில் உதவுவார் யார்? பெற்றோரே, ஆசிரியைகளிடம் சொல்லி வையுங்கள். தோழியரே, அவள் வகுப்பு நடுவே இனிப்பை வாயிலிட்டால் நகையாதீர்கள். நம் பையில் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் வைத்திருப்பதும் பிறரன்புப் பணியே!